நெல்லறையை என்ன செய்யலாம்? செட்டிநாட்டுப் பழைய பண்ணைக் கட்டடங்களுக்குப் புது வேலை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமெல்லாம் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பார்க்க வருகிறவர்கள் முகப்பையும் நடு முற்றத்தைச் சுற்றிய வளவையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்தெருப் பக்கத்து மாட்டுக் கொட்டகை, வண்டிக் கொட்டகை, நெல் போட்டு வைத்த அறை, ஊருக்கு வெளியே களத்தை ஒட்டி நிற்கும் ஓட்டுக் கட்டடம், செக்கு ஓடிய சாய்ப்பு, இவற்றின் பக்கம் யாரும் போவதில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்து பெருக்குகிறோம். கொட்டகையை அப்போதும் திறப்பதில்லை. ஓடு சரியும், ஒரு மழையில் உத்தரம் இற்றுப்போகும், அப்புறம் “அந்த இடத்தைக் கொடுத்துவிடலாமே” என்ற பேச்சு வந்துவிடும். மரமெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். செம்புறாங்கல் எங்கோ ஒரு தோட்டத்துச் சுற்றுச்சுவராகும்.

அப்படி ஒரு கட்டடத்தின் சாவி கைக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து திரும்பி வந்த வாரிசாக இருக்கலாம், வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்ய நினைப்பவராக இருக்கலாம், ஊருக்கு ஒரு பொது இடம் வேண்டும் என்று அலையும் குழுவாகவும் இருக்கலாம். எங்கள் குடும்பத்து நெல்லறையோடும் கொட்டகையோடும் பல வருஷம் பழகியதில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். தொழிலை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்காகக் கட்டடத்தை வெட்டினால் இரண்டும் கெட்டுப்போகும். கட்டடம் எதைத் தாங்கும், ஊருக்கு எது வேண்டும், தினமும் காலையில் வந்து யார் கதவைத் திறப்பார் என்பதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற வேலையைத் தேட வேண்டும்.

எதையும் தொடாமல் ஒரு மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கூரையின் மேல் பெய்யும்போது நீங்கள் உள்ளே நின்று பார்த்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியமான மழை. எந்த ஓட்டுக்குக் கீழே சொட்டுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் சுவரடியில் தேங்குகிறதா என்பதெல்லாம் வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் தெரியாது. அதேபோல ஒரு சித்திரை மாதத்து மதியத்தையும் உள்ளே உட்கார்ந்து கழித்துப் பாருங்கள். நாட்டு ஓடு வேய்ந்த உயரமான கொட்டகையில் அந்த வெயிலிலும் உட்கார முடியும். இடையில் எப்போதோ தகரம் போட்டிருந்தால் முடியாது. எந்தத் தொழில் ஓடும், எது ஓடாது என்பதில் பாதியை இந்த ஒரு வித்தியாசமே சொல்லிவிடும்.

இந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒரு கோட்டுப் படம் போடுங்கள். தூணுக்குத் தூண் இடைவெளி, உத்தரத்தின் அடிவரை உயரம், வாசல் அகலம், சுவர்க் கனம், தரை எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே சின்னதாக ஒரு சாந்துப் பட்டை வைத்துத் தேதி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்தும் பட்டை உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல், பூசிவிடலாம். உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, பொறியாளரைக் கூப்பிட வேண்டும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தர முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வெளியே திடமாகத் தெரியும் மரம் சுவருக்குள் இற்றுப்போயிருப்பது மிகச் சாதாரணம். கறையான் ஏறிய மண்கோடுகளையும் சுவரடியில் வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

வேலை செய்தவர்களிடம் கேளுங்கள்

உரிமையாளர் குடும்பத்தில் கேட்டால் கட்டடம் கட்டிய கதை கிடைக்கும். அது எப்படி வேலை செய்தது என்பது அங்கே உழைத்தவர்களுக்குத்தான் தெரியும். மூட்டை எந்த வாசல் வழியாக வந்தது, காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடித்தது, அந்த மூலையில் ஏன் எப்போதும் ஈரம், மூடிக் கிடக்கும் வாய்க்கால் எங்கே போய்ச் சேர்ந்தது என்று மரக்காலால் நெல் அளந்தவரும் மாடு பிடித்துக் கட்டியவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்கள். அவர்கள் இல்லையென்றால் அவர்கள் பிள்ளைகள் சொல்வார்கள்.

இன்னொன்றையும் இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். களத்தில் நெல் அடித்துக் கொடுத்தவர்களில் பலர் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாதவர்களாக இருந்தார்கள். அந்த நினைவு ஊரில் இன்னும் இருக்கிறது. ‘பொதுப் பயன்பாடு’ என்று நீங்கள் பலகை எழுதி மாட்டினால் மட்டும் அவர்கள் வந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. என்ன செய்யலாம் என்று பேசும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும். கூட்டத்தையும் வீட்டு வளவில் போடாமல் களத்தில் போடுங்கள்.

பங்கு, பட்டா, படைப்பு

செட்டிநாட்டில் நல்ல திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, அதாவது இருபது குடும்பங்களின், பங்கு இருக்கும். இரண்டு பேர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. கொட்டகை பாகம் பிரித்ததில் யாருக்குப் போனது என்று வாய்மொழியாகச் சொல்வார்கள், பத்திரத்தில் வேறாக இருக்கும். எனவே பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். கட்டடம் நிற்பது நத்தத்திலா, புஞ்சையிலா, நஞ்சையிலா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். களத்துக் கட்டடங்கள் பல நஞ்சையில் நிற்கும். அங்கே வேறு தொழில் செய்ய நிலப் பயன்பாட்டை மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும்.

பங்காளிகளிடம் “விற்கப் போவதில்லை, இடிக்கப் போவதில்லை” என்று எழுத்தில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் பாதிப் பயம் போய்விடும். அப்புறம் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “படைப்புக்கு வந்தால் எங்கே சமைப்பது, எங்கே பந்தி போடுவது?” நியாயமான கேள்வி. அதனால் வருஷத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குக் காலி செய்து கொடுக்கக்கூடிய தொழிலாகப் பாருங்கள். மேசை நாற்காலியோடு நடக்கும் படிப்பகம் இரண்டு மணி நேரத்தில் ஒதுங்கிவிடும். தரையில் போல்ட் போட்டு நிறுத்திய இயந்திரம் ஒதுங்காது. காலி செய்ய வேண்டிய நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

கட்டடம் என்ன சொல்கிறது

நெல்லறை என்பது ஈரத்தையும் எலியையும் வெளிச்சத்தையும் வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது. உயர்த்திய தரை, கனத்த சுவர், மேலே சின்னக் காற்றுத் துளை, சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி ஏற்றும் பலகைக் கதவு. இதை அலுவலகமாகவோ சாப்பாட்டுக் கூடமாகவோ மாற்ற நினைத்தால் முதல் வேலையே சன்னல் வெட்டுவதாக இருக்கும். சன்னல் வெட்டிய நெல்லறை நெல்லறையாகவும் இருக்காது, நல்ல அலுவலகமாகவும் ஆகாது. அதன் குணத்தோடு போகிற வேலைகள் இருக்கின்றன. பர்மா, மலாயா, இலங்கையில் தொழில் செய்த காலத்துப் பேரேடுகளும் கடிதங்களும் நம் வீட்டுப் பரண்களில் பூச்சிக்கு இரையாகின்றன. அவற்றை ஊர் அளவில் ஒரே இடத்தில் பாதுகாக்க இருட்டும் உலர்ச்சியும் உள்ள அறையைவிடத் தோதான இடம் எது? பாரமும் கவலையில்லை. ஒரு கன மீட்டர் நெல் ஏறக்குறைய 550 முதல் 600 கிலோ எடை. ஆளுயரத்துக்கு நெல் குவித்து வைத்த தரை, கெட்டுப்போகாமல் இருந்தால், காகித அலமாரியைத் தாங்கும். மாடியில் இருக்கும் அறை என்றால் மட்டும் பொறியாளரிடம் காட்டிவிட்டு ஏற்றுங்கள்.

நெல்லறைக்கு எனக்கு மிகவும் பிடித்த வேலை விதை வங்கி. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கிப் பலருக்குப் பரப்பினார்கள். அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். உலர்ந்த அறையும் ஒழுங்கான பதிவேடும் பொறுப்பான ஓர் ஆளும் போதும். கண்மாயை நம்பி விவசாயம் செய்கிற நம் ஊர்களில், வறட்சி தாங்கும் ரகங்களுக்கு இப்படி ஓர் இடம் அவசியம் என்று நினைக்கிறேன்.

மாட்டுக் கொட்டகை வேறு மாதிரி. ஒரு பக்கம் திறப்பு, தாழ்ந்த கூரை, மூத்திரம் ஓட வாய்க்கால் விட்டுச் சரித்த தரை, தீவனம் போடும் காடி. காற்றும் வெளிச்சமும் நன்றாக வரும். பனையோலைக் கொட்டான் கூடை முடைவதற்கும் துணி தைப்பதற்கும் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிப்பதற்கும் அருமையான இடம். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பல தலைமுறையாக மூத்திரம் ஊறிய தரையிலும் சுவரடியிலும் உப்பு ஏறியிருக்கும். ஈரம் மேலே ஏறும்போது உப்பும் கூட ஏறும், காய்ந்ததும் வெள்ளைப் பொடியாகப் பூத்துப் பூச்சைத் தள்ளிவிடும்.

எங்கள் கொட்டகையில் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓர் ஒப்பந்தக்காரரை நம்பி அடியிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு பூசினோம். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. இரண்டு மழைக்காலம் போனதும் ஈரம் சிமெண்டுக்கு மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த சுண்ணாம்புப் பூச்சையும் பொரிய வைத்துவிட்டது. சிமெண்டை உடைத்தெடுக்கும்போது செங்கல் முகமும் கூடவே பெயர்ந்து வந்தது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. இப்போது அங்கே சுண்ணாம்புப் பூச்சு மட்டும்தான். உப்பு பூக்கும், சில வருஷத்துக்கு ஒருமுறை பூச்சை உதிர்த்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறோம். சுவரைக் காப்பாற்றப் பூச்சு தன்னைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சுவரை ஒட்டித் துணி மூட்டை, காகிதம், அரிசி எதையும் அடுக்கக் கூடாது.

வண்டிக் கொட்டகைதான் இருப்பதிலேயே எளிது. வில்வண்டி நுழையும் உயரம், அகலமான திறப்பு, நடுவில் தடுப்பு கிடையாது. வாசிப்புக் கூடம், வாரச் சந்தை, கண்காட்சி, தேநீர்க் கடை எதுவும் உட்காரும். திறந்த பக்கத்தைச் செங்கல் வைத்து மூடாதீர்கள். அடைப்பு வேண்டுமென்றால் மரச் சட்டத்தில் மடக்குக் கதவு செய்து, தூண்களுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது வண்டிக் கொட்டகையாகவே தெரியும், வேண்டாத நாளில் கழற்றியும் வைத்துவிடலாம்.

செக்குச் சாய்ப்பில் திரும்பவும் மரச்செக்கு ஓட்டுவது நல்ல யோசனை. மோட்டாருக்கு மட்டும் சுவரோடு சேராத தனி அடித்தளம் போடுங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் பழைய சுவர் விரியும். புதுவயலைச் சுற்றியிருப்பது போன்ற அரிசி ஆலைகளில் பழையது ஒன்று கிடைத்தால் அது பெரிய பரப்பு. பயிற்சிக் கூடம், விசேஷ மண்டபம் என்று போகலாம், ஆனால் அந்த அளவுக்கு ஆள் சேரும் ஊரா என்று முதலில் பாருங்கள்.

களத்தைக் காலி இடம் என்று நினைத்து அதில் கட்டடம் எழுப்புவதைப் போன்ற தவறு வேறில்லை. வற்றல் காயப்போடவும், பொங்கல் வைக்கவும், பிள்ளைகள் விளையாடவும், கூத்து நடத்தவும் அந்தத் திறந்த வெளி வேண்டும். களம் போனால் அதை ஒட்டிய கட்டடத்துக்கும் அர்த்தம் போய்விடும்.

ஊருக்கு எது வேண்டும்

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதுங்கள். பெரிய வீடுகளைத் தங்கும் விடுதியாக்குவது இங்கே ஏற்கெனவே நடந்துவருகிறது. சுற்றுலா வருகிறவர்களும் அதிகம் வருவது குளிர்ந்த மாதங்களில். கோடையில் கூட்டம் குறைந்துவிடும். மாட்டுக் கொட்டகையையும் அறை அறையாகத் தடுத்து ஏசி மாட்டி விடுதியாக்க வேண்டியதில்லை. இந்த ஆசையைப் பலரிடம் பார்க்கிறேன், பலரையும் தடுத்திருக்கிறேன்.

ஊருக்குள் கேட்டால் வருகிற பதில்கள் வேறு. “வீட்டில் இடமில்லை, பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க ஒரு அமைதியான இடம் வேண்டும்” என்பார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் மணகோலமும் அதிரசமும் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் செய்து காரைக்குடிக் கடைகளுக்கு அனுப்ப, பொதுவான சமையற்கூடம் கேட்பார்கள். கொட்டானும் கண்டாங்கிச் சேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. கண்டாங்கிக்கு 2019-இல் கிடைத்தது. பெயர் கிடைத்த அளவுக்கு, செய்கிறவர்கள் உட்கார்ந்து செய்யவும் வாங்குகிறவர் வந்து பார்க்கவும் ஓர் இடம் கிடைத்திருக்கிறதா என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

பொதுப் பயன்பாடு மட்டும் என்றால் கூரைக்குக் காசு வராது. வியாபாரம் மட்டும் என்றால் ஊருக்கு அந்தக் கட்டடம் திரும்பவும் மூடிய கதவுதான். இரண்டையும் நேரத்தால் பிரிப்பதுதான் எனக்குத் தெரிந்து நன்றாக ஓடுகிற வழி. பகலில் கொட்டான் கூடம், மாலை ஆறு மணிக்கு மேல் படிப்பகம். வாரத்தில் ஆறு நாள் பலகாரக் கடை, ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறிச் சந்தை. வாடகை எவ்வளவு வாங்குவது என்பதைக் கூரையிலிருந்து கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, ஓடுகளைப் பிரித்துத் திரும்ப வேய ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 2,00,000 ரூபாய் ஆகும் என்று உங்கள் கொத்தனார் சொன்னால், வருஷத்துக்கு 40,000, மாதத்துக்கு 3,300-க்கு மேல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அந்தத் தொகையைக்கூடத் தர முடியாத தொழில் அந்தக் கட்டடத்துக்குப் பொருந்தாது. அதற்கு மேல் வருவதில்தான் மின்கட்டணமும் காவலாள் சம்பளமும்.

எதையும் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் சும்மா நடத்திப் பாருங்கள். வாடகை மேசை, நீட்டுக் கம்பியில் விளக்கு, தண்ணீர் கேன். தை மாதத்தில் தொடங்கினால் நல்லது. பொங்கல், மஞ்சுவிரட்டு என்று வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், பங்காளிகளும் பார்ப்பார்கள். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதற்கு இடமில்லை என்று தவிக்கிறார்கள் என்பதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் பெரிய நூலகம் என்று நினைத்துத் தொடங்கியதில், வந்தவர்கள் புத்தகம் எடுக்கவில்லை. தங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்க மேசைதான் தேடினார்கள். அலமாரி செய்யக் கொடுத்திருந்த மரத்தை மேசையாக மாற்றச் சொன்னோம்.

மாற்றும் வேலை

ஆஸ்திரேலியாவில் பர்ரா என்ற பழைய சுரங்க ஊரில் 1979-இல் ஏற்றுக்கொண்ட ஒரு சாசனம் உண்டு. பழைய இடங்களைப் பேணும் வேலையில் உலகம் முழுக்க அதை எடுத்துக்காட்டுவார்கள். அதன் சாரம், தேவையான அளவுக்கு மாற்று, ஆனால் முடிந்தவரை குறைவாக மாற்று என்பது. நம் ஊர்க் கொத்தனாருக்கும் இதையே சொல்லிவைக்கலாம்.

வேலை வரிசை முக்கியம். முதலில் கூரை, அடுத்து தண்ணீர் போகும் வழி, அப்புறம் சுவர், கடைசியில்தான் தரையும் வண்ணமும். கையில் பணம் வந்ததும் ஆத்தங்குடிக் கல் பதிக்கத் தோன்றும். கண்ணாடிமேல் வார்த்து, சூளையில் சுடாமல் தண்ணீரில் பதப்படுத்தும் அந்தக் கல் நம் பெருமைதான். ஆனால் அது வளவுக்கு உரியது. கொட்டகையின் கல் பாவிய தரையை அதன் கீழே புதைத்துவிட்டால், சரிவும் வாய்க்காலும் காடியும் போய், மாடு நின்ற அடையாளமே இருக்காது. சுவருக்கும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து இழைத்த வழுவழுப்பான செட்டிநாட்டுப் பூச்சு கொட்டகைக்கு வேண்டாம். நன்றாக நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்த சாதாரணப் பூச்சே போதும். அதற்குப் பழகிய கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒருவர் கிடைத்தால் கூடவே இரண்டு இளைஞர்களைக் கற்றுக்கொள்ள நிறுத்துங்கள்.

கழிப்பறையைப் பழைய கட்டடத்துக்குள் வைக்காதீர்கள். பின்பக்கம் தள்ளித் தனியாகக் கட்டுங்கள், சக்கர நாற்காலி போகிற அகலத்தில். அடுப்பும் அப்படியே. தேக்குச் சட்டமும் பனங்கையும் காய்ந்து கிடக்கும் கூரைக்குக் கீழே எரிவாயு அடுப்பு வேண்டாம். மின்கம்பியைச் சுவரைக் கொத்திப் புதைக்காமல் வெளியே குழாயில் ஓட்டுங்கள். படியேற முடியாதவர்களுக்கு எடுத்து வைக்கக்கூடிய மரச் சரிவு செய்யலாம். கழற்றுகிற ஒவ்வொரு கதவுக்கும் பலகைக்கும் எண் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதிக் கட்டி, அதே கட்டடத்தில் பத்திரப்படுத்துங்கள். வெளியே வைத்தால் அது திரும்பி வராது.

கூரையில் கூகை ஆந்தை இருந்தால் பதறி விரட்டாதீர்கள். அது சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை, எலியைத் தின்று நெல்லைக் காத்தது. முகட்டுப் பக்கம் ஒரு சின்னத் திறப்பை அதற்காக விட்டுவிட்டு, கீழே ஆள் உட்காராதபடி இடம் ஒதுக்கினால் போதும்.

காகிதங்கள்

கட்டடம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது, அதனால் அதை ஒட்டிய ஊர்களில் பழைய அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லாமல் போகலாம். கட்டட அனுமதியும் பயன்பாட்டு மாற்றமும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி நடக்கும். உணவு விற்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், ஆள் கூடும் இடம் என்றால் தீயணைப்புத் துறையிடம் கேட்க வேண்டும். மின்சாரத்தில் கவனம்: பம்புசெட்டுக்குக் கிடைக்கும் இலவச விவசாய மின்சாரத்தில் ஒரு விளக்குகூடக் கடைக்கு எரியக் கூடாது. வணிக இணைப்பைத் தனியாக வாங்கிவிடுங்கள்.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் உங்கள் கொட்டகைக்குத் தானாகச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்பு உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வாடகைக்கு விடும்போது பதினொரு மாதப் பத்திரம் போடுவது நம் வழக்கம். கூரையில் பணம் போடப்போகிற ஆளுக்கு அது போதாது. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கொடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். கூரை யார் பொறுப்பு, பூச்சு யார் பொறுப்பு, எதை இடிக்கக் கூடாது, எந்த நாட்கள் படைப்புக்கு, எந்த நேரம் ஊருக்கு, போகும்போது எந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுங்கள். நீங்கள் முதலில் போட்ட கோட்டுப் படத்தையும் எடுத்த புகைப்படங்களையும் அதோடு இணைத்துவிடுங்கள்.

தொழில் தொடங்கியபின் வரும் முதல் ஐப்பசியில், பெருமழை பெய்த மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். உத்தர முனைகள், சுவரடி, சாந்துப் பட்டை வைத்த விரிசல், வெளி வாய்க்கால், எல்லாவற்றையும் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகர்ந்த ஓடு இருந்தால் அன்றைக்கே ஆள் ஏற்றிச் சரி செய்துவிடுங்கள், அடுத்த மழை இரண்டு நாளில் வந்துவிடும்.